ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு எனப் பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பேருந்து நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இந்தியாவின் எடிசன் என்று இவரை அழைப்பதுண்டு. சவரக் கருவி, வானொலி, பருத்திச் செடி, தேர்தல் வாக்குப் பதிவு இயந்திரம் எனப் பல துறைகளில் இவர் பெயர் பேசப்பட்டாலும், இவருடைய வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதி வரை இணைப்பது மோட்டார் வண்டிகளின் மீது இவர் கொண்ட தீராத ஈடுபாடே ஆகும். பள்ளிப் படிப்பை முடிக்காத ஓர் உழவர் மகன், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்ட அறிவைக் கொண்டே பெருந்தொழில் ஒன்றை நிறுவினார். அதே ஈடுபாட்டினால் தம் நாட்டு மக்களுக்கென மலிவு விலையில் ஒரு காரைச் செய்து தர முயன்றபோது அது நிறைவேறாமலே போயிற்று.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. தாயாரை மிக இளம் வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடத்தில் இவருக்கு நாட்டம் செல்லவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி இறைத்துவிட்டு ஓடிய சிறுவன் என்றே இவரைப் பற்றிய நூல்கள் குறிப்பிடுகின்றன. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. அதன்பின் தோட்ட வேலைகளைக் கவனித்துக்கொண்டே, கையில் கிடைத்த நூல்களைத் தாமாகப் படித்துத் தம் அறிவை வளர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் பொறியியல் கல்வியைப் பற்றி இவர் கொண்டிருந்த பிடிவாதமான கருத்துகளுக்கு வேர் இந்தத் தற்கல்வியில் இருக்கிறது எனலாம்.

மோட்டார் சைக்கிள்

கலங்கல் வழியாக ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞரான நாயுடு கண்டார். காளையோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டி இவரைப் பெரிதும் ஈர்த்தது. அது இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ் வகை வண்டியாகும். மிதிவண்டிகளுக்குப் பெயர் பெற்றிருந்த ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் 1911ஆம் ஆண்டை ஒட்டித்தான் மோட்டார் சைக்கிள்களை விற்கத் தொடங்கியிருந்தது. ஆகவே கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அது வந்து நின்றது அந்நாளில் அரிய காட்சியாகவே இருந்திருக்கும்.

அத்தகைய வண்டி ஒன்றைத் தாமும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கலங்கலில் இருந்தால் அதற்குரிய பணம் சேராது என்பதை உணர்ந்து கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கே உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் வேலைக்குச் செல்வது அன்றைய வழக்கத்தில் எளிதாக ஏற்கப்பட்ட செயல் அன்று. ஆயினும் சில ஆண்டுகள் அங்கே உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு அந்த அதிகாரியைத் தேடிச் சென்று அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை; வண்டியை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். இதன் பொருளை உணர அக்கால மோட்டார் சைக்கிள்களின் அமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். தோல் அல்லது ரப்பர் வாரின் மூலமே பின்சக்கரம் சுழற்றப்பட்டது. எண்ணெயை ஓட்டுபவரே கைப்பம்பினால் அவ்வப்போது என்ஜினுக்குள் செலுத்த வேண்டியிருந்தது. தீப்பொறிக்கு மின்கலம் இல்லை. என்ஜின் சுழலும்போது மேக்னெட்டோ என்னும் கருவியே அதனை உண்டாக்கியது. என்ஜினின் எரியறையில் கரி படிந்துகொண்டே இருக்கும் என்பதால் குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் அதைக் கழற்றிக் கரியைச் சுரண்டி வால்வுகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்யத் தெரியாதவரிடம் அந்த வண்டி சில மாதங்களுக்குமேல் ஓடாது. பழுது பார்ப்போர் மிக அரிதாக இருந்த ஊரில் நாயுடு தம் வண்டிக்குத் தாமே மெக்கானிக் ஆனார். துடைப்பது, எண்ணெயிடுவது, தேய்மானத்தை முன்கூட்டியே கண்டறிவது ஆகிய பழக்கங்கள் இவரிடம் படிந்த காலம் இதுவே.

பருத்தி வணிகமும் இழப்பும்

முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று பருத்திச் சந்தையில் இறங்கி, ஈட்டிய அனைத்தையும் இழந்து திரும்பினார். விலை ஏற்ற இறக்கத்தை நம்பிய வணிகம் இவருக்குக் கைகொடுக்கவில்லை. இதன்பின் தமக்கு நன்கு தெரிந்த ஒன்றையே தொழிலாகக் கொள்வது என முடிவு செய்தார். அவ்வாறு தெரிந்த ஒன்று மோட்டார்தான்.

முதல் பேருந்து

இக்காலத்தில் இவருக்குத் துணைநின்றவர் கோயம்புத்தூரின் ஆங்கிலேயத் தொழிலதிபர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936) ஆவார். காப்பி வணிகத்தில் தொடங்கி, கோயம்புத்தூரில் நூற்பாலையும் பள்ளியும் நிறுவியவர் இவர். ஸ்டேன்சின் உதவியோடு, விலையின் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்று, 1920ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனை ஓட்டினார். உரிமையாளரும் ஓட்டுநரும் அவரே.

வழித்தடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இவருடைய கூர்மை தெரிகிறது. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை தொடர்வண்டிப் பாதை வந்துவிட்டது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை, பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் பாதை 1928இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழனி முருகனைக் காணச் செல்லும் அடியார்களும் உடுமலை வட்டாரத்து வணிகர்களும் மாட்டு வண்டியையோ தம் கால்களையோ நம்ப வேண்டியிருந்தது. தொடர்வண்டி நின்றுபோகும் இடத்தில் நாயுடுவின் பேருந்து புறப்பட்டது.

தென்னிந்தியாவில் பேருந்து ஓட்டிய முதல் மனிதர் நாயுடு அல்லர். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இலேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டிருந்தார். நாயுடுவிடம் குறிப்பிடத்தக்கது, வண்டியின் உறுப்புகளை அறிந்த ஒருவரே முதலாளியாகவும் இருந்தமையாகும். அந்நாளில் என்ஜினும் சட்டகமும் அயல்நாட்டிலிருந்து வந்தன; அவற்றின்மேல் மரத்தாலான உடற்பகுதியை உள்ளூரில் கட்டினர். சல்லி பரப்பிய சாலைகளில் டயர்கள் அடிக்கடி வெடித்தன, வில் தகடுகள் முறிந்தன, கோடையில் ரேடியேட்டர் நீர் கொதித்தது. ஒரு பேருந்து ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் முழுவதும் போயிற்று. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே பேருந்துத் தொழிலில் ஆதாயம் என்பது பயணச்சீட்டு விற்பதில் பாதியும் வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பதில் பாதியுமாக இருந்தது. ஒரே வண்டியோடு இறங்கிய பலரும் முதல் பெரும் பழுதிலேயே தொழிலை விட்டு விலக நேர்ந்த காலத்தில், நாயுடு இரண்டாவது வண்டியும் மூன்றாவது வண்டியும் வாங்கினார்.

யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்

இவ்வாறு வளர்ந்த நிறுவனமே சுருக்கமாக யு. எம். எஸ். எனப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆகும். 1930களின் தொடக்கத்தில் இதன் பேருந்துகளின் எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டியது. நாட்டிலேயே மிகச் செம்மையாக நடத்தப்பட்ட பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக இது மதிக்கப்பட்டது.

நேரம் தவறாமை இவருடைய நிறுவனத்தின் அடையாளம். குறித்த நேரத்தில் பேருந்து புறப்பட வேண்டும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் இவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. பயணிகள் நிரம்பும்வரை காத்திருந்து புறப்படுவதே வழக்கமாக இருந்த நாட்களில் இது புதுமை. பயணச்சீட்டு வழங்குவதற்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். என்ஜினின் அதிர்வைச் சோதித்துக் கோளாற்றைக் கண்டறியும் கருவி ஒன்றையும் வடிவமைத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவருடைய மனப்போக்கு விளங்கும். முதலாவது, கையிலிருந்து பணம் ஒழுகும் இடத்தை அடைப்பது; இரண்டாவது, வண்டியிலிருந்து பணம் ஒழுகும் இடத்தை அடைப்பது. கண்டுபிடிப்புகள் என்று நாம் இன்று பட்டியலிடுவனவற்றுள் பல, அன்றாடத் தொழிலில் எழுந்த தொல்லைக்கு இவர் கண்ட தீர்வுகளாகவே தொடங்கின.

1931இல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இவ்விரு நிறுவனங்களும் பிறவும் சேர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்தைத் தென்னிந்திய மோட்டார்ப் போக்குவரத்தின் முதன்மையான இடங்களுள் ஒன்றாக ஆக்கின. கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியான பழைய சேலம் மாவட்டத்தில் இவ்வீடுபாடு பின்னாளில் வேறு வடிவம் கொண்டது. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல் லாரிகளுக்கும் லாரி உடற்பகுதி கட்டும் பட்டறைகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரிப் போக்குவரத்துக்கும் பெயர் பெற்றன. மழை குறைந்த இச்சமவெளியில் ஒரு வண்டியோடு தொடங்கித் தாமே ஓட்டித் தாமே பழுது பார்த்துத் தொழில் வளர்த்தவர்கள் பலர். நாயுடு அவர்களுக்கு நேரடி ஆசான் அல்லர். எனினும் 1920இல் பொள்ளாச்சிச் சாலையில் இவர் நடந்துகாட்டிய வழி அதுவே.

பணிமனையிலிருந்து தொழிற்சாலைகள்

இருநூறு பேருந்துகளுக்குத் தேவையான உதிரி உறுப்புகள் அனைத்தையும் கடல் கடந்து வரவழைப்பது செலவு மிக்கது, காலமும் பிடிக்கும். எனவே பணிமனையிலேயே அவற்றைச் செப்பனிடவும், பின்னர் புதிதாகச் செய்யவும் முற்பட்டார். யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ், கோயம்புத்தூர் டீசல் புராடக்ட்ஸ், கோபால் கிளாக் இண்டஸ்ட்ரி முதலிய நிறுவனங்கள் இவர் தொடர்பில் தோன்றியவை. பெயர்களைப் பார்த்தாலே இவற்றுள் சில பேருந்துப் பணிமனையின் பிள்ளைகள் என்பது புலப்படும்.

1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியபின் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளுக்கு மின்பம்புகள் தேவைப்பட்டன. மின்னோடிகள் அயல்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1937இல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிலகத்தில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்னோடி ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்னோடி என்று இது போற்றப்படுகிறது. கோயம்புத்தூர் பின்னாளில் பம்பு உற்பத்தியில் முன்னணி நகரானதற்கு இது ஒரு தொடக்கம்.

அயல்நாடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்வையிடுவதே இவருடைய முதல் வேலையாக இருந்தது. ஜெர்மனியில் இவர் பெரிதும் ஈடுபாடு காட்டினார். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரசந்த் என்னும் சவரக் கருவி அங்கே செய்யப்பட்டது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்யவியலாத வாக்குப் பதிவு இயந்திரம், புகைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு ஆகியனவும் இவருடைய ஆக்கங்களாகக் குறிக்கப்படுகின்றன. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார்.

இரண்டாயிரம் ரூபாய் கார்

1952ஆம் ஆண்டில் நாயுடு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய். மோட்டார் சைக்கிளுக்காக உணவு விடுதியில் இலை எடுத்த மனிதருக்கு, வண்டி வாங்க ஏங்கும் எளியவரின் மனம் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் காலம் மாறியிருந்தது. விடுதலைக்குப்பின் இந்திய அரசு தொழில்களைத் திட்டமிட்டு வளர்க்க முற்பட்டது. 1951இல் இயற்றப்பட்ட தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, மோட்டார் வண்டி உள்ளிட்ட முதன்மைத் தொழில்களில் புதிய உற்பத்திக்கு மத்திய அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்நியச் செலாவணியும் இரும்பும் பற்றாக்குறையாக இருந்த நிலையில், ஒரு சில நிறுவனங்களை மட்டும் முழுமையாகக் கார் செய்ய ஊக்குவிப்பது அரசின் கொள்கை. கல்கத்தாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. காரின் உற்பத்தி தொடங்காமலே நின்றது.

இதில் அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. ஒரு மாதிரியைச் செய்து காட்டுவது வேறு, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் செய்து உதிரி உறுப்புகளோடு விற்பது வேறு. ஆயினும் அதன் விளைவை இந்தியர்கள் நெடுங்காலம் சுமந்தனர் என்பதும் உண்மை. கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைகள் கடந்தபின், 1983 டிசம்பரில்தான் மாருதி 800 என்னும் சிறிய கார் விற்பனைக்கு வந்தது. அதுவும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் துணையோடு வந்ததாகும்.

உரிமக் கட்டுப்பாட்டோடு வரிச்சுமையையும் நாயுடு கடுமையாக எதிர்த்தார். உழைத்து ஈட்டுபவரிடமிருந்து அரசு பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் புதியன செய்ய யாரும் முன்வரமாட்டார்கள் என்பது இவர் கருத்து. 1950களில் தம்முடைய தயாரிப்புகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். பொருளைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்த ஒருவர் தம் கையால் செய்தவற்றைத் தாமே உடைத்தது வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது.

தொழிற்கல்வி

ஏட்டுக் கல்வியைவிடப் பட்டறைப் பயிற்சியே பொறியாளரை உருவாக்கும் என்பது நாயுடுவின் உறுதியான நம்பிக்கை. 1945இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப் பெரும் நன்கொடை அளித்தார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. முதல்வராகவும் நாயுடுவே பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்பு அளவில் படிப்பை நிறுத்தியவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அரிய நிகழ்வு.

நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டுகளே போதும் என்று இவர் வாதிட்டார். அரசு இதனை ஏற்கவில்லை. எனவே நாயுடு பொறுப்பிலிருந்து விலகினார். இக்கல்லூரியே பின்னர் தடாகம் சாலைக்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இயங்கி வருகிறது. கல்லூரி இடம் மாறினாலும், அவினாசி சாலையில் அது தொடங்கிய பகுதிக்கு ஹோப் காலேஜ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே கல்லூரியைத் தேடும் வெளியூர் மாணவர்கள் குழம்புவது இன்றும் உண்டு.

பிற ஈடுபாடுகள்

புகைப்படம் எடுப்பதிலும் திரைப்படம் பிடிப்பதிலும் ஆர்வம் உடையவர். 1936இல் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். வேளாண்மையில் பருத்தி, பப்பாளி, சோளம் ஆகியவற்றில் ஆய்வுகள் செய்தார். அறிவியல் அறிஞர் சி. வி. இராமன் இவருடைய தோட்டத்தைப் பார்வையிட்டவர்களுள் ஒருவர். சித்த மருத்துவத்திலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது.

மறைவும் நினைவும்

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் காலமானார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1972இல், தமிழ்நாட்டில் தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் நடவடிக்கையின் பகுதியாகக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களின் காலம் அத்துடன் பெரும்பாலும் முடிவுற்றது.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் இவர் பெயரிலான அறக்கட்டளை தொழில் கண்காட்சி ஒன்றை நடத்தி வருகிறது. மாணவர்கள் கட்டாயம் காண வேண்டிய இடம் அது. 2015இல் அதே வளாகத்தில் பழங்கால கார்களுக்கென ஜீடீ கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி தொடங்கி, ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட கார்கள் அங்கே செப்பனிட்டுத் துடைத்துக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

2025 அக்டோபர் 9ஆம் நாள், அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்ட மேம்பாலம் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. ஹோப் காலேஜ் பகுதியும் பீளமேடும் இப்பாலத்தின் வழியிலேயே அமைந்துள்ளன.